அம்மா கையெழுத்துப் போட்ட மதிப்பெண் பட்டியல்

பதினொன்றாம் வகுப்பில் சேரப் போன அன்று, பள்ளி கவுன்சிலர் (பாடத் தேர்வுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வழிகாட்டுபவர்) என் மதிப்பெண் பட்டியலை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. "இதில் கையெழுத்துப் போட்டிருப்பது யார்?" என்று கேட்டார். "அம்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. கணினிப் பக்கம் திரும்பி எதையோ தேட ஆரம்பித்தார். பக்கத்து நாற்காலியில் அம்மா தலையணை மாதிரி ஒரு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று வருட உழைப்பு அதற்குள் இருந்தது. அதைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இது 2023 ஆகஸ்டில், பென்சில்வேனியாவில். நாலாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படித்துவிட்டு அமெரிக்கா வந்தவள் நான். 2020இல் கொரோனா வந்து பள்ளி லேப்டாப்புக்குள் போனபோது, "இதை நானே சொல்லிக்கொடுத்துவிடுவேனே" என்று அம்மா எங்கள் இருவரையும் வீட்டில் உட்கார வைத்தார். எனக்கு அப்போது எட்டாம் வகுப்பு, தம்பிக்கு ஏழு. நாங்கள் மட்டும் இல்லை, அந்த வருடம் நாடு முழுக்க அப்படித்தான் நடந்தது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் கணக்குப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் வீட்டிலேயே படிப்பிப்பவை 2020 வசந்தத்தில் 5.4 சதவீதமாக இருந்தன. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் 11.1 சதவீதம் ஆகிவிட்டன. பலர் பிறகு பள்ளிக்குத் திரும்பியிருப்பார்கள். நான் பத்தாம் வகுப்பு முடித்துத் திரும்பினேன். தம்பி திரும்பவே இல்லை.

இப்போது நான் கல்லூரி முதலாம் ஆண்டு. அவன் விண்ணப்பமெல்லாம் அனுப்பி முடித்துவிட்டான். ஒரே வீடு, ஒரே அம்மா, இரண்டு வழி. எது நல்லது என்று கேட்பவர்களுக்கு எங்களிடம் ஒற்றைப் பதில் இல்லை. நாங்களே சாப்பாட்டு மேசையில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. பாடம் எங்கே படித்தாலும் மண்டையில் ஏறும். கல்லூரி வாசலில் கேட்பது வேறு: நீ படித்தாய் என்பதற்கு யார் சாட்சி? பள்ளியில் அந்தச் சாட்சி தானாகச் சேர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் நேரம் உன்னுடையது இல்லை. வீட்டில் நேரம் முழுக்க உன்னுடையது, சாட்சியை நீதான் தேடிச் சேர்க்க வேண்டும்.

எனக்கு இது தெரியாமல் போனதுதான் அந்த ஆகஸ்ட் மாதக் கூத்து.

சட்டப்படி எங்களிடம் எல்லாம் சரியாக இருந்தது. அமெரிக்காவில் வீட்டுக்கல்வி எல்லா மாநிலத்திலும் செல்லும், விதி மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் இருக்கும் சித்தி வீட்டில் யாருக்கும் எந்தக் கணக்கும் காட்ட வேண்டியதில்லை. எங்கள் பென்சில்வேனியாவோ கெடுபிடி. ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1க்குள் பள்ளி மாவட்டத்துக்கு (நம் பகுதிப் பள்ளிகளின் நிர்வாகம்) உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். வருடத்துக்கு 180 நாள், அல்லது மேல்வகுப்புக்கு 990 மணி நேரம் படித்திருக்க வேண்டும். என்னென்ன புத்தகம் படித்தோம் என்று ஒரு பதிவேடு, பாடங்களின் மாதிரிகள், கடைசியில் தகுதி பெற்ற ஒரு மதிப்பீட்டாளர் நேரில் பேசிப் பார்த்து ஜூன் 30க்குள் தரும் சான்று. இதில் ஒரு வேடிக்கை, தீ விபத்தைத் தவிர்ப்பது எப்படி என்பதையும் வருடா வருடம் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். சட்டத்திலேயே இருக்கிறது. அம்மா எண்ணெய்ச் சட்டியைக் காட்டி, "தண்ணி ஊத்தாதீங்க, மூடியப் போட்டு மூடுங்க" என்று சொல்லிவிட்டு, அதைத் தேதி போட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்.

அந்த மதிப்பீட்டு நாள்தான் நான் எழுதிய தேர்வுகளிலேயே எனக்குப் பிடித்தது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வருவார். ஃபைலைப் புரட்டுவார், நடுவில் ஒரு தாளை உருவி, "இந்தக் கட்டுரையில் இந்த முடிவுக்கு எப்படி வந்தாய்?" என்று கேட்பார். முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருப்போம். பிறகு வந்த இரண்டு வருடப் பள்ளியில் யாரும் என்னிடம் அவ்வளவு நேரம் ஒரு கட்டுரையைப் பற்றிப் பேசியதில்லை.

ஆனால் அந்தச் சான்று சொன்னது "இந்த மாணவிக்கு முறையான கல்வி நடந்திருக்கிறது" என்பதை மட்டும்தான். அல்ஜீப்ராவில் ஏ வாங்கினாளா, பி வாங்கினாளா என்பதை அது சொல்லாது. கவுன்சிலருக்கு வேண்டியது அதுதான்.

கடைசியில் என் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடங்களைப் பள்ளி ஏற்றுக்கொண்டது, "தேர்ச்சி" என்ற ஒற்றைச் சொல்லோடு. கிரேடு கிடையாது. அதனால் என் ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரி, வெறும் இரண்டு வருடத்து ஜிபிஏ ஆனது, வகுப்பில் எத்தனையாவது என்ற இடமும் எனக்கு இல்லை. கணக்குக்குத் தனியாக ஒரு தேர்வு வைத்தார்கள், அது பரவாயில்லை. தமிழில்தான் அடிபட்டேன். இரண்டு வருடம் வாரம் ஒரு கட்டுரை எழுதி, குறள் படித்து, இலக்கணம் படித்து அம்மாவிடம் திட்டு வாங்கியது எல்லாம் பட்டியலில் "தமிழ் 1, தமிழ் 2" என்று இரண்டு வரியாக இருந்தன. கவுன்சிலரின் கணினிப் பட்டியலில் தமிழ் என்ற மொழியே இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "இதற்கு ஏதாவது வெளித்தேர்வு எழுதியிருக்கிறாயா?" என்றார். பள்ளியில் படிக்கும்போதே எழுதும் கல்லூரித் தரத் தேர்வுகளான ஏபி தேர்வுகளில் தமிழ் கிடையாது. நான் எதுவும் எழுதியிருக்கவில்லை.

ஆக, மொழிப் பாடம் ஒன்று வேண்டுமே என்று, பதினாறு வயதில், பதினாலு வயதுப் பிள்ளைகளோடு ஸ்பானிஷ் முதல் நிலை வகுப்பில் உட்கார்ந்து என் பெயர் என்ன என்று ஸ்பானிஷில் சொல்லிப் பழகினேன். அந்த ஒரு பாடவேளையில் வேறு எதையும் எடுக்க முடியாமல் போனது. இதற்காக அந்தப் பள்ளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை (அப்போது நிறையச் சொன்னேன்). அவர்களுக்குத் தெரிந்த சாட்சியை அவர்கள் கேட்டார்கள்.

வீட்டிலிருந்து பள்ளிக்குப் போக நினைப்பவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான். போவதாக இருந்தால் ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்தில் போங்கள். கல்லூரி பார்ப்பது ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. நடுவில் போனால் பட்டியல் இரண்டாகக் கிழிந்துவிடும். நடுவில்தான் போக முடியும் என்றால், சேருவதற்கு முந்தைய வசந்தத்திலேயே, எந்தெந்தப் பாடத்தை எப்படி ஏற்பீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதில் வாங்குங்கள். நாங்கள் தொலைபேசியில் கேட்டோம். "பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் சொன்னார். ஆகஸ்டில் அவர் வேறு பள்ளிக்கு மாறிப் போயிருந்தார்.

பள்ளி எனக்கு என்ன கொடுத்தது? நிறையக் கொடுத்தது. வேதியியல் ஆய்வகம் முதலில். வீட்டில் அடுப்படி மேடையில் வினிகரும் சோடா உப்பும் வைத்துச் செய்ததற்கும், ப்யூரெட்டைத் திருகிச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் அந்த ஒரு சொட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் வாயால் சொன்னால் புரியாது. அப்புறம், எதிர்வாதம் பேசும் பிள்ளைகள். அம்மாவோடும் தம்பியோடும் மூன்று வருடம் பேசிய பிறகு, நான் சொல்வதை முழுக்க மறுக்கிற ஒருத்தி எதிரில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு நல்லது என்று வரலாற்று வகுப்பில்தான் தெரிந்தது. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வைக்கூட ஒரு வேலை நாளில் பள்ளியிலேயே வைத்துவிட்டார்கள். 2024 மார்ச்சிலிருந்து அது முழுக்கக் கணினித் தேர்வு, 2 மணி 14 நிமிடத்தில் முடிந்துவிடும். நான் செய்ததெல்லாம் அன்று காலை வழக்கம்போல் பேருந்தில் ஏறியதுதான். மதிப்பெண் பட்டியல், பள்ளி விவரம், கவுன்சிலர் கடிதம் எல்லாம் தானாகக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன.

எடுத்துக்கொண்டது நேரத்தை. ஆறே முக்கால் பேருந்து. மணி அடித்தால் நாலு நிமிடத்தில் அடுத்த வகுப்பு. ஒரு புத்தகத்தில் மூழ்கினால் மதியம் வரை எழாமல் இருந்தவளுக்கு, கழிப்பறைக்குப் போக அட்டை வாங்கிக்கொண்டு நடப்பது முதல் மாதம் முழுக்க அவமானமாகவே இருந்தது. கவுன்சிலர் நல்லவர்தான், ஆனால் அவர் தலையில் எத்தனை பிள்ளைகள்! அமெரிக்கப் பள்ளிக் கவுன்சிலர் சங்கம் ஒருவருக்கு 250 மாணவர் என்று பரிந்துரைக்கிறது. பல பள்ளிகளில் அதைவிட அதிகம்தான் இருப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அவர் எனக்காக எழுதிய கடிதத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கே பாவமாக இருக்கிறது, அவரைப் பார்த்து. என்னை மொத்தம் ஐந்து முறை பார்த்திருப்பார்.

ஆசிரியர் பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான் நெருக்கடி ஆனது. பதினொன்றாம் வகுப்பு ஆசிரியர்களிடம்தான் கேட்க வேண்டும், எனக்கு அவர்களைத் தெரிந்தது எட்டு மாதமாக. வேதியியல் ஆசிரியரிடம் மே மாதமே போய்க் கேட்டேன், கூடவே என் ஆய்வகக் குறிப்பேட்டில் தவறாகப் போன இரண்டு சோதனைகளின் பக்கங்களையும் கொடுத்தேன். "தவறிய சோதனையைக் கொண்டுவந்த முதல் ஆள் நீதான்" என்றார். என் விண்ணப்பத்தில் உயிரோடு இருந்த சாட்சி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தம்பி சும்மா இருக்கவில்லை. என் அடியிலிருந்து அவன்தான் பாடம் படித்தான்.

முதலில் அவன் கண்டுபிடித்தது, வீடா பள்ளியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை என்பதை. எங்கள் மாநிலத்தில் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் 2006 முதலே உள்ளூர்ப் பள்ளியின் விளையாட்டு அணிகளிலும் மன்றங்களிலும் சேரலாம். 2022இல் வந்த சட்டத் திருத்தப்படி, 2023–24 கல்வியாண்டிலிருந்து பள்ளி நாளின் கால் பங்கு அளவுக்காவது பாட வகுப்புகளிலும் உட்கார விட வேண்டும். அதாவது, நான் முழு நாளும் போய் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்த அதே வருடம், இவன் அதே பள்ளிக்கு வேதியியல் வகுப்புக்கு மட்டும் வந்து, ப்யூரெட்டைத் திருகிவிட்டு, வீட்டுக்குப் போய்விடுவான். தாழ்வாரத்தில் என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போவான். எரிச்சலாக இருக்கும்.

அடுத்தது கம்யூனிட்டி காலேஜ், அதாவது உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி. பதினொன்றாம் வகுப்பில் ஆங்கிலக் கட்டுரை வகுப்பு ஒன்றைக் காசு கட்டி அங்கே எடுத்தான். முதல் கட்டுரைக்கு சி வந்தது. அம்மா கொடுத்த ஏ-க்களிலேயே வளர்ந்தவன், இரண்டு நாள் பேசவில்லை. பேராசிரியரின் அலுவலக நேரத்துக்கு வாரா வாரம் போய் உட்கார்ந்து, கடைசியில் பி பிளஸ் வாங்கினான். அந்த பி பிளஸ், அம்மாவின் பதினைந்து ஏ-க்களைவிடக் கனமானது என்பது என் கருத்து. அம்மாவின் முன்னால் இதைச் சொல்வதில்லை. அந்தப் பேராசிரியரே பிறகு பரிந்துரைக் கடிதமும் எழுதினார். "இவன் சி-யிலிருந்து ஏறி வந்ததைப் பார்த்தேன்" என்று சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

ஏபி தேர்வு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் வீட்டில் படிப்பவர்கள் தடுக்கி விழுகிறார்கள். தேர்வு நடப்பது மே மாதம். ஆனால் வினாத்தாளுக்குப் பள்ளிகள் நவம்பருக்குள் பதிவு செய்துவிட வேண்டும். வெளி மாணவரைச் சேர்த்துக்கொள்ள எந்தப் பள்ளிக்கும் கட்டாயம் இல்லை. தம்பி ஆகஸ்ட் கடைசியிலேயே தொலைபேசியை எடுத்தான். முதல் பள்ளி முடியாது என்றது. இரண்டாவது பள்ளி திரும்பக் கூப்பிடவே இல்லை. நாலாவது பள்ளியில் ஒரு அம்மா, "கால்குலஸ்தானே, ஒரு நாற்காலி போட்டால் போச்சு" என்றார். ஜனவரியில் யோசிக்க ஆரம்பித்தால் பெரும்பாலும் அந்த வருடம் போனதுதான். அக்டோபரில் நடக்கும் பிஎஸ்ஏடியும் (எஸ்ஏடிக்கு முன்னோட்டத் தேர்வு) அப்படியே, எழுத இடம் கொடுங்கள் என்று ஒரு பள்ளியிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் எழுதுவதுதான் நேஷனல் மெரிட் உதவித்தொகைக்குக் கணக்கு. இன்னொன்று, பட்டியலில் ஒரு பாடத்தை "ஏபி" என்று போட வேண்டுமானால் அதன் பாடத்திட்டம், இந்தத் தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். பெற்றோரும் பாடத்திட்டம் அனுப்பி ஒப்புதல் கேட்கலாம். இல்லையென்றால் "கால்குலஸ்" என்று மட்டும் போட்டு, பக்கத்தில் ஏபி தேர்வு மதிப்பெண்ணைக் குறித்துவிடலாம். அம்மா இரண்டாவதைச் செய்தார்.

எஸ்ஏடிக்கு அவன் சனிக்கிழமை வேறு ஊர்ப் பள்ளிக்குப் போனான். பதிவில் பள்ளிக் குறியீடு கேட்கும் இடத்தில் வீட்டுக்கல்விக்கென்றே 970000 என்ற எண் இருக்கிறது. பள்ளி அடையாள அட்டை இல்லாததால் பாஸ்போர்ட்டை எடுத்துப் போனான். வீட்டில் படிப்பவர்கள் இந்தத் தேர்வை விட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். கல்லூரியைப் பொறுத்தது. மாசசூசெட்ஸின் எம்ஐடி 2022இல் மறுபடி கட்டாயமாக்கிவிட்டது, கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. பார்க்கிற இடத்துக்கெல்லாம் அனுப்புவதுதான் வீட்டுப் பிள்ளைக்கு நல்லது என்பேன். அம்மாவைத் தெரியாத ஒருவர் போட்ட மதிப்பெண் அது.

தமிழ்? அதையும் விடவில்லை அவன். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு நாலு வருடம் போனான், நான் போக மாட்டேன் என்று அடம் பிடித்த அதே தமிழ்ப் பள்ளி. அங்கே திருத்திக் கொடுத்த விடைத்தாள்களை வைத்திருந்தான். ஆசிரியரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கினான். பாட விளக்கத்தில், எந்தப் புத்தகம், எத்தனை கட்டுரை, எத்தனை மணி நேரம், யார் திருத்தினார்கள் என்று எழுதினான். அதே தமிழ்தான். எனக்கு ஸ்பானிஷ், அவனுக்கு நாலு வருட மொழிப் பாடம்.

இந்தப் பாட விளக்கம்தான் வீட்டில் படிப்பவர்களின் முதுகெலும்பு. பாடத்துக்கு ஆறேழு வரி போதும். ஆனால் அதைப் பாடம் முடிந்த வாரமே எழுதிவிட வேண்டும். என்னுடையதை இரண்டு வருடம் கழித்து எழுத உட்கார்ந்தபோது, ஒன்பதாம் வகுப்பு உயிரியலுக்கு எந்தப் புத்தகம் வைத்தோம் என்று அம்மாவுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. அட்டை பச்சை நிறம் என்பது மட்டும் இருவருக்கும் நினைவிருந்தது.

பல கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பத்தை அனுப்ப உதவும் காமன் ஆப் தளத்தில் வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கவுன்சிலர், பெற்றோர்தான். அம்மா தனிக் கணக்குத் தொடங்கி, பள்ளி விவரம், மதிப்பெண் பட்டியல், கவுன்சிலர் கடிதம் மூன்றையும் ஏற்ற வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தின் முதல் வரைவைப் பார்த்து நானும் அப்பாவும் சிரித்துவிட்டோம். கல்யாணத் தரகரிடம் கொடுக்கிற பயோடேட்டா மாதிரி இருந்தது. அன்பானவன், அமைதியானவன், பெரியவர்களை மதிப்பவன். "அம்மா, இதையேதான் எல்லா அம்மாவும் எழுதுவாங்க" என்றேன். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். இரவு பதினொரு மணிக்குத் திரும்பி வந்து வேறு மாதிரி எழுதினார். எங்கள் வீட்டில் ஏன் பள்ளியை விட்டோம், வாரம் எப்படி ஓடும், கிரேடு எதை வைத்துப் போட்டேன், எந்தப் பாடத்தை என்னால் சொல்லித்தர முடியாது என்று தெரிந்து வெளியே அனுப்பினேன், இவைதான் அதில் இருந்தன. கடைசி விஷயத்தை எழுதத்தான் அவருக்கு அதிக நேரம் ஆனது. மகனைப் புகழும் வேலையைப் பேராசிரியரிடம் விட்டுவிட்டார்.

தம்பிக்கும் நஷ்டங்கள் உண்டு, அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். பதினொரு மணிக்கு எழுந்திருக்கிறான். அவனுக்கு வேலையை முடிக்கச் சொல்லி மணி அடிக்க ஆளில்லை, ஒரு கட்டுரை மூன்று வாரம் இழுக்கும். நண்பர்கள் ஓட்ட அணியில் மட்டும்தான். நான் பள்ளியில் கற்ற ஒன்று, எனக்குப் பிடிக்காத ஆசிரியரிடமும் வேலை வாங்கிக்கொள்வது எப்படி என்பது. கல்லூரியில் முதல் மாதமே உதவியது. அவனுக்கு அது இனிமேல்தான்.

எங்கள் மாநிலத்தில் மேற்பார்வையாளர், அதாவது அம்மா, கொடுக்கும் டிப்ளமோவை (பள்ளிப் படிப்பை முடித்ததற்கான சான்றிதழ்) சட்டமே 2014இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பீட்டாளரும் அதில் கையெழுத்திட வேண்டும். மாநில விதிப்படி வீட்டுக்கல்வியை முடித்தவர்கள் மத்திய அரசின் கல்வி உதவிக்கும் விண்ணப்பிக்கலாம் என்பதால், அந்தக் கவலையும் இல்லை. வரும் ஜூனில் அந்த ஓய்வு பெற்ற ஆசிரியை கடைசி முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார். அம்மா தடித்த காகிதம் வாங்கி வைத்துவிட்டார். நீல மையா கறுப்பு மையா என்று இப்போது சண்டை நடக்கிறது. பதிவேட்டில் இந்த வருடத்துத் தீப் பாதுகாப்புப் பாடம் இன்னும் காலியாக இருக்கிறது என்று நேற்று தம்பி ஃபோனில் சொன்னான். சட்டியைக் காட்டச் சொல் என்றேன்.